வியாழக்கிழமைக் கத்தி

மெஷினால் சவரம் செய்துகொள்கிறவர்களை நான் ஒருபோதும் குறை சொன்னதில்லை. காலையில் எல்லோருக்கும்தான் அவசரம். இன்று உங்களுக்கும் இருந்திருக்கிறது சார், வலது காதுக்குக் கீழே ஒரு திட்டு விட்டுப்போயிருக்கிறது. தப்பாக நினைக்காதீர்கள். ஆளைப் பார்த்தால் என் கண் முதலில் அங்கேதான் போகும்.

நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொல்லச் சொன்னீர்கள். ஆரம்பம் என்றால் உங்கள் மேஜைமேல் இருக்கும் அந்தக் கத்திதான். அதைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறீர்கள். பிளாஸ்டிக்குக்குள் இரும்பு வியர்க்கும், ஒரு வாரத்தில் துரு பிடித்துவிடும். துணியில் சுற்றி வைக்கச் சொல்லுங்கள். சாட்சிப் பொருள் என்றாலும் பொருள் பொருள்தானே.

நான் தொடக்கூடாது என்கிறீர்கள். சரி, இருக்கிற இடத்திலேயே பாருங்கள். முடியை வழிக்கும் பாகத்துக்கு அலகு என்று பெயர். அதற்கும் பின்னால் வளைந்திருக்கிற வாலுக்கும் நடுவே ஒரு விரல் அளவுக்குக் கழுத்து மாதிரி ஒரு பகுதி இருக்கிறது பாருங்கள், கத்தியின் ஜாதகம் முழுவதும் அங்கேதான். அலகை நம்பக் கூடாது. வருஷக்கணக்கில் தீட்டித் தீட்டி அது இளைத்துப்போயிருக்கும். கைப்பிடியையும் நம்பக் கூடாது. கொம்புப் பிடி உடைந்தால் யாரோ எலும்புப் பிடி போட்டிருப்பார்கள். கழுத்தில் மட்டும் சாணைக்கல் படாது. செய்தவன் என்றைக்கு முத்திரை அடித்தானோ அன்றைக்கு இருந்தபடியே இருக்கும்.

முத்திரையைப் படிப்பதும் லேசுப்பட்ட காரியமில்லை. ஊர்ப் பெயர் மட்டும் இருந்தால் ஒரு காலம். நாட்டின் பெயரும் சேர்ந்தால் அதற்குப் பிந்திய காலம், ஏனென்றால் எந்த நாட்டுச் சரக்கு என்று போடாமல் கப்பலேற்ற முடியாது என்று சட்டம் வந்துவிட்டது. செய்தவன் செத்தபிறகு மனைவி பட்டறையை நடத்தினால் அதே பெயருக்குப் பக்கத்தில் ஒரு நட்சத்திரமோ புள்ளியோ கூடியிருக்கும். முத்திரையையே இன்னொருவனுக்கு விற்றவர்களும் உண்டு. அதனால் பெயரை மட்டும் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. எழுத்தின் வடிவம், வாலின் நீளம், அலகின் கனம் எல்லாம் ஒரே கதையைச் சொல்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் வேலையும் ஏறக்குறைய அதுதான் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது அண்ணன். அவர் நில அளவை அலுவலகத்தில் வரைபடம் போடுகிறவராக இருந்தார். நான் உலோகத்தில் எழுத்து அச்சு வெட்டுகிறவன். பாத்திரக் கடைக்காரர்கள், பூட்டு செய்கிறவர்கள், நகைப் பட்டறைக்காரர்கள் எல்லோரும் தங்கள் பெயரை அடித்துக்கொள்ள என்னிடம்தான் அச்சு வாங்குவார்கள். கீழ்வீட்டில் அண்ணனும் அண்ணியும், மாடியில் நான். நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பழைய சவரக் கத்தி சேகரிக்கிறவர்கள் வட்டாரத்தில் அண்ணனுக்குப் பெரிய கத்தி என்று பெயர், எனக்குச் சின்னக் கத்தி. கேலியாகத்தான் வைத்தார்கள். நானும் சிரித்துக்கொள்வேன். யாராவது ஒரு கத்தியை என்னிடம் கொண்டுவந்து காட்டுவார்கள், நான் லென்ஸ் வைத்துப் பார்த்து இன்ன காலம் என்று சொல்வேன். எல்லாம் கேட்டுவிட்டு, "சரி, அண்ணன் என்ன சொல்றார்?" என்பார்கள். அண்ணன் லென்ஸ்கூட எடுக்கமாட்டார். கழுத்தின்மேல் கட்டைவிரலை வைத்து ஒரு தடவு தடவுவார், சொல்லிவிடுவார். பெரும்பாலும் நான் சொன்னதையேதான் சொல்வார். ஆனால் அவர் சொன்ன பிறகுதான் அது உண்மையாகும். இதில் எனக்கு வருத்தம் ஒன்றும் இருந்ததில்லை.

ஏழு கத்திப் பெட்டி என்று ஒன்று உண்டு. வசதி படைத்தவர்கள் கிழமைக்கு ஒன்றாக ஏழு கத்தி வைத்துக்கொள்வார்கள். ஒருநாள் உழைத்த அலகுக்கு ஆறு நாள் ஓய்வு. ஒவ்வொன்றின் முதுகிலும் கிழமையின் பெயர் பொறித்திருக்கும். அண்ணனிடம் அப்படி ஒன்று இருந்தது. வெல்வெட் பதித்த பெட்டி, ஆறு கத்தி. வியாழன் மட்டும் இல்லை. அந்தப் பள்ளத்தில் வெல்வெட் நிறம் மங்காமல் இருக்கும். அண்ணன் பாதி வாழ்க்கை அந்த வியாழனைத் தேடினார். பட்டறை எது, காலம் எது, கழுத்தில் என்ன முத்திரை எல்லாம் அவருக்கு மனப்பாடம். அவர் பழைய சாமான் கடைக்குள் நுழைந்தாலே அண்ணி, "இவருக்கு வியாழக்கிழமை கிடைச்சாத்தான் எனக்கு ஞாயித்துக்கிழமை கிடைக்கும்" என்று சொல்லிச் சிரிப்பார்.

பிறகு அண்ணனுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கையும் காலும் விழுந்தன, பேச்சு அடியோடு போயிற்று. சொல்வதெல்லாம் அவருக்குப் புரிந்தது, பதில்தான் வரவில்லை. ஆஸ்பத்திரியிலேயே ரொம்ப நாள் கிடந்தார்.

வீட்டில் போன் அடித்துக்கொண்டே இருக்கும். கத்திக்காரர்கள்தான். அண்ணன் இல்லாததால் என்னைக் கேட்டார்கள். நான் சொன்னேன். அண்ணன் என்ன சொல்றார் என்று கேட்க ஆளில்லை என்பதால் நான் சொன்னதோடு முடிந்தது. அது ஒரு புது அனுபவம். தினமும் சாப்பிடும் சோற்றில் முதல்முறையாக உப்பு போட்டது மாதிரி இருந்தது. அந்தச் சமயத்தில்தான் மியூசியத்திலிருந்து ஒருவர் வந்தார். எங்கள் சேகரிப்புக்கு ஒரு தனி அறை ஒதுக்குவதாகச் சொன்னார். பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டு, "ஏழும் இருந்தா நடுவுல வைக்கலாம். ஆறுன்னா ஓரத்துலதான் வைக்கணும்" என்றார். நியாயமான பேச்சு.

வியாழனை நான் செய்தேன்.

அதே காலத்துக் கத்தி ஒன்று என் அலமாரியில் இருந்தது. வேறு பட்டறை, மட்டமான பெயர், ஆனால் உடம்பு அதே உடம்பு. அதன் முத்திரையைக் கல்லில் தேய்த்து எடுத்தேன். மற்ற ஆறையும் பார்த்து அச்சு வெட்டினேன். கடினமாக்கிய எஃகின்மேல் அச்சு விழாது, துள்ளும். கழுத்தை மட்டும் சூடு காட்டி இளக்கி, ஒரே அடி. இரண்டாவது அடிக்கு இடம் கிடையாது. பிறகு முதுகில் கிழமையைப் பொறித்து, பழமை ஏற்றி, பெட்டியில் வைத்தேன். மூடிய பெட்டியைத் திறந்து பார்க்கும்போது எனக்கே எது என்னுடையது என்று ஒரு நொடி தெரியவில்லை. மியூசியம்காரர் லென்ஸ் வைத்துப் பார்த்தார், படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தார், என் கையைப் பிடித்துக் குலுக்கினார். ஊரிலிருக்கிற கத்திக்காரர்கள் எல்லோரும் வந்தார்கள். எங்கே கிடைத்தது என்று கேட்டார்கள். தேடினவனுக்குக் கிடைத்தது என்றேன். அதில் பொய் என்று எதைச் சொல்வீர்கள்?

அண்ணன் வீட்டுக்கு வந்தார். தினமும் காலையில் அவருக்குச் சவரம் செய்வது என் பொறுப்பு. இரத்தம் உறைந்து மறுபடி பக்கவாதம் வராமல் இருக்க மாத்திரை கொடுத்திருந்தார்கள், அதனால் கத்தி வேண்டாம், மெஷின் போதும் என்றார் டாக்டர். அண்ணனைப் பார்த்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. வாழ்நாளெல்லாம் கத்தியால் வழித்த முகம். நான் பார்த்துக்கொள்கிறேன் என்று டாக்டரிடம் சொல்லிவிட்டேன். வெந்நீர்த் துணியை முகத்தில் போட்டு, சோப்பை நுரைத்து, தோல்பட்டையில் கத்தியை இழுத்துத் தீட்டும் சத்தம் கேட்டதும் அவருக்கு மூச்சு நிதானமாகும். என் கையைவிட மென்மையான கை அந்த வீட்டில் கிடையாது. அண்ணியே சொல்வார்.

பேச்சுப் பயிற்சிக்கு ஒரு பெண் வந்துகொண்டிருந்தார். வீட்டில் அவரைப் பேச்சு டீச்சர் என்போம். உற்சாகமான பெண். பழம், பூ, நாற்காலி என்று படம் போட்ட அட்டைகளைக் காட்டுவார். அண்ணன் முகத்தைத் திருப்பிக்கொள்வார். ஒருநாள் டீச்சர் கேட்டார்.

"சாருக்கு எது ரொம்பப் பிடிக்கும்? அவர் தினமும் தொட்டுப் பழகின பொருள் ஏதாவது இருக்கா?"

"கத்திதான்" என்றார் அண்ணி.

டீச்சர் முதலில் பயந்தார். பிறகு பெட்டியைப் பார்த்ததும் துள்ளிக் குதிக்காத குறை. "அடேயப்பா, கிழமை எல்லாம் வரிசையா இருக்கே. கிழமை சொல்ல வைக்கறதுதான் நாங்க முதல்ல செய்யறதே" என்றார். நான் வேண்டாம் என்று சொன்னேன், அலகு கூர்மை என்றேன், மியூசியத்துக்குப் போகவேண்டிய பொருள் என்றேன். அண்ணி என்னைக் கோபமாகப் பார்த்தார். "அவர் பேசறதைவிட மியூசியமா முக்கியம்?" என்று கேட்டார். பெட்டியை நானே டீச்சர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

மடித்த கத்தியைக் கழுத்து வெளியே தெரியும்படி பிடித்து ஒவ்வொன்றாக அண்ணனின் இடது கையில் டீச்சர் கொடுத்தார். அண்ணன் கத்தியின் முதுகிலிருந்த கிழமையைப் பார்த்துவிட்டுக் கட்டைவிரலை முத்திரைமேல் வைத்தார். அவர் முகம் மாறியதை நான் பார்த்தேன். நெடுநாள் வெளியூரில் இருந்தவன் தன் தெருவுக்குள் திரும்பியது போல் இருந்தது அது.

"திங்...கள்" என்றார்.

அண்ணி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டார். நானும் அழுதேன், மறைக்கவில்லை. செவ்வாய். புதன். டீச்சர் அடுத்ததைக் கொடுத்தார். அண்ணன் கட்டைவிரல் தடவிற்று, நின்றது, திரும்பவும் தடவிற்று.

"பொய்" என்றார்.

"பொய் இல்ல சார், வியாழன். சொல்லுங்க, வி...யா..."

"பொய்."

விஷயம் என்னவென்றால், பழைய முத்திரையைத் தேய்த்து எடுத்த இடம் மயிரிழை அளவுக்குக் குழிந்துவிடும். கண்ணுக்குத் தெரியாது. லென்ஸுக்கும் தெரியாது, ஏனென்றால் லென்ஸில் பார்க்கிறவன் எழுத்தைத்தான் பார்ப்பான். விரல் எழுத்தைப் பார்ப்பதில்லை. நான் கண்ணுள்ளவர்களுக்காகவே வேலை செய்திருந்தேன். அண்ணனின் கட்டைவிரலை மறந்துபோனேன். உடம்பில் பாதி செத்துக் கிடக்கிறவரிடம் அது மட்டும் மிச்சமிருக்கும் என்று யார் நினைத்தார்கள்?

அன்றிலிருந்து டீச்சர் வரும்போதெல்லாம் இதே கதைதான். திங்கள், செவ்வாய், புதன், பொய், வெள்ளி, சனி, ஞாயிறு. ஒரு வார்த்தை மட்டும் இப்படிச் சிக்கிக்கொள்வது உண்டு, தானாகச் சரியாகிவிடும் என்றார் டீச்சர். அண்ணி அதை வேடிக்கையாகவே எடுத்துக்கொண்டார். பால்காரர் வியாழக்கிழமை வரமாட்டேன் என்று சொன்னால், "எங்க வீட்ல அந்தக் கிழமையே இல்லப்பா" என்பார். நானும் சேர்ந்து சிரித்தேன். அண்ணன் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒருநாள் அவர் அண்ணியின் கையைப் பிடித்து இழுத்து, "தம்பி" என்றார். மூச்சு வாங்கிக்கொண்டு, "பொய்" என்றார். அண்ணிக்கு வந்ததே கோபம்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்கா? காலைல எழுந்து மூஞ்சி கழுவி விடறதுலேர்ந்து எல்லாம் அவர்தான் செய்யறார். சொந்தப் பிள்ளை இருந்தாக்கூட இப்படிப் பார்க்குமா? அவரைப் போய்ப் பொய்னு சொல்றீங்களே."

அண்ணன் அழுதார். எனக்குச் சங்கடமாகப் போயிற்று. "விடுங்க அண்ணி, அவருக்கு என்ன தெரியும் பாவம்" என்று சொல்லிவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

மியூசியம்காரர் திறப்பு விழாவுக்கு நாள் குறித்தார். அண்ணனுக்குப் பேச்சு திரும்புகிறது என்று கேள்விப்பட்டு அவருக்கு மகிழ்ச்சி. "அவர் வாயால ரெண்டே வார்த்தை சொன்னாப் போதும் சார். கத்திக்காரங்க எல்லாரும் வர்றாங்க" என்றார். அதற்குள் நாலு வார்த்தையே சேர்த்துச் சொல்ல வைத்துவிடலாம் என்று டீச்சர் வாக்குக் கொடுத்தார். எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். நானும் நல்லது என்றேன்.

இப்போது மாத்திரை விஷயத்துக்கு வருகிறேன். நீங்கள் இதை வேறு மாதிரி எழுதிவைத்திருக்கிறீர்கள் என்று தெரியும், அதனால் காரணத்தைச் சரியாகச் சொல்லிவிடுகிறேன். ஒருநாள் காலையில் தாடையோரம் வழித்துக்கொண்டிருக்கும்போது அண்ணன் திடீரென்று தலையைத் திருப்பி ஏதோ சொல்ல வந்தார். சின்னக் கீறல். படிகாரத்தை வைத்து அழுத்தினேன், நிற்கவில்லை. துண்டு நனைந்தது, தலையணை உறை நனைந்தது. இரத்தத்தை உறையவிடாத மாத்திரை சாப்பிடுகிறவருக்கு அப்படித்தான். அண்ணி பயந்துபோய் டாக்டருக்குப் போன் செய்தார். இனிமேல் கத்தியே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நீங்களே யோசியுங்கள். பேச்சில்லாத மனுஷனுக்கு இருந்த ஒரே சுகம் அந்தச் சவரம். அதைப் பிடுங்க எனக்கு மனம் வரவில்லை. கத்தியை நிறுத்த முடியாதென்றால் மாத்திரையைத்தான் நிறுத்த வேண்டும்.

எங்கள் வீட்டில் மாத்திரைக்கும் ஒரு பெட்டி, கிழமைக்கு ஒரு அறை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அண்ணி உட்கார்ந்து நிரப்புவார். காலையில் சவரம் முடிந்ததும் எடுத்துக் கொடுப்பது நான். சத்து மாத்திரை ஒன்று அதே அளவில், அதே வெளிர் நிறத்தில் மருந்துக் கடையில் கிடைத்தது. மாத்திரையிலும் முத்திரை உண்டு சார், கவனித்திருக்கிறீர்களா? ஒரு பக்கம் கோடு, மறுபக்கம் கம்பெனியின் எழுத்து. இரண்டுக்கும் வித்தியாசம் அது மட்டும்தான். அண்ணி பெட்டியை நிரப்பிவிட்டுப் போனபிறகு நான் மாற்றி வைத்தேன். மக்கள் முத்திரையைப் படிப்பதில்லை என்று வாழ்நாளெல்லாம் புலம்பியவன் நான். அந்த நம்பிக்கையில்தான் மிச்ச மாத்திரைகளை அப்படியே பெட்டியில் விட்டுவைத்தேன். உங்கள் மருந்துக் கடைக்காரர் ஒரே பார்வையில் கண்டுபிடித்துவிட்டாராம். அவருக்கு என் மரியாதையைச் சொல்லுங்கள்.

அண்ணியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆமாம், அண்ணனைக் கடைசியாகக் கொண்டுபோன அன்று ஆஸ்பத்திரியில் இரத்தத்தைச் சோதித்துவிட்டு, "மாத்திரை சாப்பிட்ட அடையாளமே இல்லையே" என்று டாக்டர் கேட்டபோது அண்ணி தரையில் உட்கார்ந்துவிட்டார். "நான்தான் தப்பான மாத்திரை அட்டையைப் பிரிச்சுப் போட்டுட்டேன், நானே கொன்னுட்டேன்" என்று சுவரில் தலையை மோதிக்கொண்டார். நான் அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "யாருக்கும் கை தவறத்தான் செய்யும் அண்ணி, மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க" என்று தேற்றினேன். நீங்கள் என் வீட்டுக் கதவைத் தட்டும்வரை தினமும் தேற்றினேன். வேறு யார் இருக்கிறார்கள் அவருக்கு?

மாத்திரை மாறிய பிறகு சவரம் பிரமாதமாக இருந்தது. ஒரு கீறல் பட்டாலும் துண்டால் ஒற்றினால் போதும். டாக்டர் சொன்னாரே என்று அண்ணி இழுத்தார். இரத்தம் வராமல் வழிக்க எனக்குத் தெரியும் என்று செய்து காட்டினேன். அவருக்கும் நிம்மதி. அண்ணனின் பேச்சும் வளர்ந்துகொண்டே போயிற்று. "தம்பி செஞ்சது" என்றார் ஒருநாள். டீச்சருக்கு ஒரே பூரிப்பு. "தம்பி என்ன செஞ்சார் சார்? சவரமா? காபியா?" என்று கேட்டுக்கொண்டிருந்தார். அண்ணன் கண்ணை மூடிக்கொண்டார். அவருடைய பொறுமையை நான் எப்போதும் மதித்திருக்கிறேன்.

அன்றைக்கு வியாழக்கிழமை. அண்ணி பின்பக்கம் துணி துவைத்துக்கொண்டிருந்தார். பெட்டியிலிருந்து வியாழனை எடுத்தேன். மற்ற ஆறுக்கும் அது சளைத்ததில்லை என்று அவர் கன்னத்துக்கே தெரியட்டும் என்று நினைத்தேன். தோல்பட்டையில் இழுத்தேன், நுரை போட்டேன், வலது கன்னத்தை முடித்தேன். அண்ணன் அசையாமல் இருந்தார். அலகைத் துடைக்கும்போது இடது கையை நீட்டினார். கொடுத்தேன். கட்டைவிரலால் என் முத்திரையைத் தடவினார். எழுத்து எழுத்தாக, நிதானமாக.

"நீ" என்றார்.

"ஆமாண்ணா. நான்தான்."

"நல்லா... பண்ணியிருக்கே."

சொல்லிவிட்டுச் சிரித்தார். பாதி முகம்தான் சிரித்தது, ஆனாலும் அது சிரிப்பு. கோபமே இல்லை சார் அந்த முகத்தில். சின்ன வயதில் நான் முதன்முதலாக ஒரு எழுத்து வெட்டிக் காட்டியபோது எப்படிப் பார்த்தாரோ அப்படிப் பார்த்தார். நான் கத்தியை வாங்கிக்கொண்டேன். என் வேலையை அவர் மெச்சியது எனக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்று உங்களால் புரிந்துகொள்ள முடியாது. ஆனால் நல்ல வேலையைக் கண்டால் அவரால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கவும் முடியாது. விழாவில் எல்லோரிடமும் சொல்லுவார், பெருமையாகவே சொல்லுவார், என் தம்பி செய்ததாக்கும் என்று. அது அவர் சுபாவம்.

அப்போதுதான் வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. அதுவரை நல்லபடியாக இருந்த இடது கை, மடியிலிருந்து நழுவி விழுந்தது.

உங்கள் கேள்விக்கு வந்துவிட்டேன். நுரை போடும்போதே மயங்கிவிட்டார் என்று நான் எல்லோரிடமும் சொன்னேன். நுரை போட்டதுமே மயங்கினவரின் இரண்டு கன்னமும் எப்படி இவ்வளவு வழவழப்பாக இருக்கிறது என்று போட்டோவை வைத்துக்கொண்டு கேட்டீர்கள். நல்ல கேள்வி. ஆம்புலன்ஸில் வந்தவர்களுக்கோ டாக்டருக்கோ அது தோன்றவில்லை.

"கூப்...பிடு" என்றார் அண்ணன். தெளிவாகத்தான் இருந்தது. பேச்சு டீச்சரின் உழைப்பு வீண்போகவில்லை. பக்கவாதத்தில் ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம் என்று முதல் தடவையே டாக்டர் எங்களை உட்காரவைத்துச் சொல்லியிருக்கிறார். எனக்கு ஞாபகம் இருந்தது. பின்பக்கம் அண்ணி துணி அடித்துத் துவைக்கும் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தது, ஒரு குரல் கொடுத்தால் ஓடி வந்திருப்பார்.

ஆனால் இடது கன்னம் பாக்கி இருந்தது. பாதி முகத்தோடு ஒருவரை எப்படி வெளியே அனுப்புவது? தலையை லேசாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டு கன்னத்தை வழித்தேன். பிறகு மேலுதடு, பிறகு முகவாய். கீழ்நோக்கி ஒருமுறை வழித்தால் பாதி வேலைதான். மறுபடி நுரை போட்டு மேல்நோக்கியும் ஒருமுறை வழிக்க வேண்டும். அப்படியே செய்தேன். அவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார், முதலில் ஏதோ சொன்னார், அப்புறம் சொல்லவில்லை. வெந்நீரால் துடைத்தேன். கத்தியைக் கழுவி, ஈரம் போக ஒற்றி, எண்ணெய் தடவிப் பெட்டியில் வைத்தேன். பின்பக்கம் துணி துவைக்கும் சத்தம் நிற்கும்வரை அவர் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதன் பிறகுதான் அண்ணியைக் கூப்பிட்டேன்.

நான் அவரைக் கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் அந்தப் போட்டோவை இன்னொரு தரம் பாருங்கள் சார். அவ்வளவு நேரம் அவர் உடம்பு உதறிக்கொண்டே இருந்தது, ஆனாலும் அந்த முகத்தில் ஒரு கீறல்கூடக் கிடையாது. பாசமில்லாதவன் கையால் அப்படி ஒரு சவரம் செய்ய முடியுமா?